எதிர்ப்பக்கத்துச் சோறு

மூன்று வருடங்களுக்கு முன்னால், தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மந்தாரக்குப்பத்தில் ஒரு கல்யாண வீட்டு மாடியில் நடந்தது இது. அன்று நான் போட்டிருந்த ஜாக்கெட்டிலிருந்து தொடங்கினால்தான் கதை புரியும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை. எங்கள் பிளாக் பெண்களின் அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். அளவு கொடுக்கும்போது பாதிப் பேர் ஒரே வசனம்தான் சொல்வார்கள். "ரெண்டு மாசத்துல இளைச்சிடுவேன், கொஞ்சம் டைட்டாவே தைங்க." நானும் தலையாட்டிவிட்டு, உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்துக் கொடுப்பேன். ரெண்டு மாதம் கழித்துப் பிரித்து விடச் சொல்லி வருவார்கள். ஊருக்கெல்லாம் இவ்வளவு விவரமாக இருந்தவள், அந்தக் கல்யாணத்துக்கு எனக்கென்று தைத்தபோது மட்டும் புத்தியைக் கடன் கொடுத்துவிட்டேன். அதற்குள் எப்படியும் இளைத்துவிடுவேன் என்று அளவைக் குறைத்து வெட்டி, உள்ளே விட வேண்டிய துணியையும் ஒட்ட நறுக்கிப் போட்டுவிட்டேன். அப்படிச் செய்தால் எனக்கே ஒரு பயம் இருக்கும், வாயைக் கட்டுவேன் என்று கணக்கு.

மகளின் கல்யாண ஆல்பத்தில் என்னைப் பார்த்த நாளிலிருந்து பிடித்த பைத்தியம் அது. மேடையில் நிற்கிற அந்தப் பெரிய உருவம் யார் என்று ஒரு நொடி யோசித்தேன். அன்றிலிருந்து நான் பண்ணாத டயட் இல்லை. கொஞ்ச நாள் சோற்றையே தொடவில்லை. அப்புறம் சிறுதானியம், அப்புறம் வெறும் காய், அப்புறம் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் மட்டும். தட்டைப் போட்டோ எடுத்துப் போட்டால் பாராட்டுகிற ஒரு வாட்ஸப் குரூப்பிலும் சேர்ந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போகும். திடீரென்று ஒரு நாள் மதியம், அடுப்படியில் நின்றபடியே முறுக்கு டப்பாவைக் காலி பண்ணிவிட்டு, அழாத குறையாக மூடி வைப்பேன். "நீ டயட்ல இருக்கற மாசம்தான் நமக்கு அரிசி சீக்கிரம் தீருது" என்று வீட்டுக்காரர் சொல்வார். சிரிப்பு வராது, கோபம்தான் வரும், ஏனென்றால் அது உண்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் வேகமாகச் சாப்பிடுகிறவள். என் அப்பாவும் மைன்ஸ்தான். பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, சாப்பாடு என்பது ஷிப்ட் பஸ் வருவதற்குள் முடிக்க வேண்டிய ஒரு வேலை. வீட்டுக்காரருக்கு பஸ் என்றால் எனக்குத் தையல் மெஷின். ஒரு கையில் போன், ஒரு கையில் சோறு, கண் கடிகாரத்தில். என்ன குழம்பு என்று கேட்டால், செய்தவளே நான்தான் என்றாலும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.

கல்யாண வீடு, மந்தாரக்குப்பத்தில் நான் லைனிங் துணியும் ஹூக்கும் வாங்குகிற கடைக்காரப் பெண்ணுடையது. முஸ்லிம் குடும்பம். என்னைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். அவள் தம்பிக்குக் கல்யாணம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பினேன், கல்யாணச் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் வைக்க இல்லை, ஜாக்கெட்டில் இடம் வைக்க. தைப்பூசத்துக்கு வடலூர் போகிற கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நின்று நின்று, போய்ச் சேரும்போது பந்தி தொடங்கியிருந்தது. பசி காதை அடைத்தது. இருந்தாலும் மனதில் உறுதியாக இருந்தேன். ரெண்டு வாய், அதற்குமேல் இல்லை.

அங்கே இலை கிடையாது. மாடியில் நீளமாக வெள்ளைத் துணி விரித்து, பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோறு குவித்து வைத்திருந்தார்கள். சஹன் என்பார்கள். மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். அவரவர் தன் முன்னால் இருக்கிற பக்கத்தில்தான் கை வைக்க வேண்டும், அடுத்தவர் பக்கம் போகக் கூடாது. இது எனக்கு முன்பே தெரியும், கேள்விப்பட்டிருக்கிறேன். தெரியாத இன்னொரு வழக்கமும் இருந்தது.

எங்கள் சஹனில் மூன்று பேர். நான், கடைக்காரப் பெண், அப்புறம் அவளுடைய அம்மாவின் தங்கை. சாச்சி என்று கூப்பிட்டாள். வெள்ளைச் சேலை. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவர் கணவர் தவறி ஏழெட்டு மாதம் ஆகிறது என்று மட்டும் எனக்குத் தெரியும். ஒரு வணக்கத்துக்கு மேல் பேச்சு இல்லை.

உட்கார்ந்ததும் நெய் வாசனை மூக்கில் ஏறியது. ரெண்டு வாய் என்ற உறுதி எங்கே போனதென்று தெரியவில்லை. பருப்புக் குழம்பு போன்ற தால்ச்சாவை ஊற்றிப் பிசைந்தேன், கறித்துண்டை எடுத்தேன், அவ்வளவுதான் ஞாபகம். நிமிர்ந்து பார்த்தபோது மற்ற ரெண்டு பக்கமும் சோறு குன்று போல இருக்கிறது. என் பக்கம் மட்டும் எங்கள் ஊர் மைன்ஸ் மாதிரி ஒரு பெரும் பள்ளம். அந்த நேரம் பார்த்து முதுகுப் பக்கம் 'பட்' என்று ஒரு சத்தம், ஹூக் தெறித்துவிட்டது. வெட்கமும் பயமும் ஒன்றாக வர, நான் சட்டென்று சஹனிலிருந்து கையை எடுத்தேன்.

நான் எடுத்த அந்த நொடியே சாச்சியும் கையை எடுத்தார். ஏதோ பெரிய கஷ்டம் முடிந்தது போல ஒரு பெருமூச்சும் விட்டார். அவர் பக்கம் சோறு கலையவே இல்லை. ஓரத்தில் விரல் பட்ட தடம் மட்டும் இருந்தது.

கடைக்காரப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. என் பக்கம் சாய்ந்து, சாச்சிக்குக் கேட்காமல் சொன்னாள். "அக்கா, கைய எடுக்காதீங்க. ஒருத்தர் எடுத்தா, நாமதான் நிறைய சாப்புடறமோன்னு மத்தவங்களும் எடுத்துடுவாங்க. சாச்சி இன்னிக்குத்தான் சோத்துல கையே வெச்சிருக்காங்க. சாச்சா போனதுலேர்ந்து டீயும் கஞ்சித் தண்ணியும்தான். இப்படியே போனா ஆஸ்பத்திரியில படுக்க வெச்சி குளுக்கோஸ்தான் ஏத்தணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க கைய வெச்சிக்கினு இருந்தாலே போதுங்கக்கா."

என் ஜாக்கெட் பிரச்சினையில் ஒரு மனுஷியின் சாப்பாட்டை நிறுத்திவிட்டேனே. உடனே கையைத் திரும்பவும் சஹனில் வைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே. பொய் சொல்ல வரவில்லை, உண்மைதான் வந்தது.

"நான் முடிக்கலைங்க. ஹூக்கு தெறிச்சிடுச்சி, அதான் கைய எடுத்தேன்."

சாச்சி என்னைப் பார்த்தார். "நீதானே ஜாக்கெட் தைக்கிற பொண்ணு?"

"ஆமாங்க."

"உன் ஜாக்கெட்லயே ஹூக்கு நிக்கலையா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சத்தமில்லாத, பாதியில் நின்றுபோன சிரிப்புதான். ஆனால் கடைக்காரப் பெண் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். இடது கையால் முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டு, நான் ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டேன். சாச்சியும் கையைத் திரும்ப வைத்தார்.

கொஞ்ச நேரத்தில், புதுப்பெண் வீட்டார் வந்துவிட்டார்கள் என்று கீழே இருந்து கூப்பிட, கடைக்காரப் பெண் எழுந்து போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் ஊரையே என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. இப்போது அந்தச் சஹனில் நானும் சாச்சியும் மட்டும்.

என் பிரச்சினை இதுதான். நான் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் அதிகம் சாப்பிட முடியாது. மீதி ஹூக்குகளும் எந்த நேரமும் போகலாம். அதனால் சாச்சி ஒரு வாய் எடுத்தால் நானும் ஒரு வாய் எடுத்தேன். வாய் என்றால் நாலைந்து பருக்கைதான். அதைச் சட்டென்று விழுங்கிவிட்டால் அடுத்ததற்குக் கை போக வேண்டும். அதனால் மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன்.

அப்போதுதான் ஒன்று நடந்தது. சோற்றில் ஒரு ஏலக்காய் இருந்தது தெரிந்தது. தால்ச்சாவில் மாங்காய் போட்டிருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு பள்ளம் தோண்டுகிற அளவுக்கு அதையே வாரிப் போட்டிருக்கிறேன், மாங்காய் இருந்ததே தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து வயிற்றிலிருந்து தகவல் வந்தது, எனக்குப் போதும் என்று. போதும் என்ற நிலை எப்போதோ வந்திருக்க வேண்டும். நான் ஓடிய ஓட்டத்தில் அது என்னைப் பிடிக்க முடியாமல் பின்னாலேயே வந்திருக்கிறது. இதே நிதானத்தில் தொடங்கியிருந்தால் பாதிச் சோற்றில் வயிறும் மனசும் நிறைந்திருக்கும் என்று தோன்றியது. எத்தனை டயட் பண்ணியும், எனக்கு எது போதும் என்று என் வயிற்றிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. குரூப்பைத்தான் கேட்டேன்.

சாச்சி, வீட்டுக்காரருக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டார். பர்ஸ்ட் ஷிப்ட் என்றேன். ரெண்டரைக்கு வந்துடுவாரா, சேர்ந்து சாப்புடுவீங்களா என்று கேட்டார். இல்லைங்க, நான் முன்னாடியே சாப்ட்டுடுவேன் என்றேன். தலையாட்டினார். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே அவராகச் சொன்னார்.

"நானும் அவரும் ஒரே தட்டுலதாம்மா சாப்புடுவோம். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அப்படித்தான். அவரு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இப்ப தனியா போட்டுக்கினு உக்காந்தாலும் கை என் பக்கத்துலதான் போவுது. என் பக்கம் முடிஞ்சி நிமிந்து பார்த்தா, அந்தப் பக்கம் சோறு அப்படியே இருக்குது. அத்தோட தொண்டைய அடைச்சிக்கும். இப்பல்லாம் சோத்த பார்த்தாலே பயமா இருக்குது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு. "எனக்கும் சோத்த பார்த்தா பயம்தாங்க."

"உனக்கென்னா பயம்? உன் வூட்டுக்காரரு நல்லாத்தானே இருக்காரு?"

"இருக்காருங்க. சோறு தின்னா ஒடம்பு ஏறிடும்னு பயம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை. வழக்கமாக எல்லோரும் பார்ப்பார்கள். சஹனைப் பார்த்தார். "அதுக்கு சோறு என்னாம்மா பண்ணும்?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். ஒரே தட்டுக்கு முன்னால் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்த ரெண்டு பெண்கள் நாங்கள். அவர் பயத்துக்காவது ஒரு நியாயம் இருந்தது.

நடுவில் ஒரு கறித்துண்டு மிச்சம் இருந்தது. ரெண்டு பேரும் தொடவில்லை. முன்பு கடைக்காரப் பெண், தன் பக்கத்துத் துண்டை எனக்குத் தள்ளி விட்டதைப் பார்த்திருந்தேன். அதே ஞாபகத்தில், ஒன்றும் யோசிக்காமல், நான் அதை விரலால் சாச்சி பக்கம் தள்ளினேன்.

அவர் கை அப்படியே நின்றது. தவறாக ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. "அவரும் இப்படித்தான் தள்ளுவாரு. மொகத்தகூட பாக்க மாட்டாரு. பேசிக்கினே தள்ளுவாரு" என்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் வெள்ளைச் சேலையில் விழுந்தது. நான் சஹனிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்புறம் அவர் அந்தத் துண்டை ரெண்டாகப் பிய்த்தார். ஒன்றை என் பக்கம் வைத்தார். இன்னொன்றைச் சோற்றோடு சேர்த்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். அடுத்த வாயும் எடுத்தார். அதற்கு அடுத்ததும்.

சுற்றிலும் எல்லோரும் எழுந்து, துணியைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் சஹனை மட்டும் விட்டுவிட்டுச் சுருட்டினார்கள். கடைக்காரப் பெண் மாடிப்படியில் பாதி ஏறி, எங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் அப்படியே திரும்பி இறங்கிப் போனாள். சாச்சியின் பக்கம் சோறு கரைந்து, அங்கேயும் ஒரு பள்ளம் விழுந்தபோது எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அவர் கையை எடுத்த பிறகுதான் நான் எடுத்தேன்.

கிளம்பும்போது கடைக்காரப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க எதிர்ல உக்காந்தா சாப்புடு சாப்புடுன்னு அவ வாயையே பாத்துக்கினு இருப்போம். எழுந்து போயிடுவா. நீ என்னாம்மா பண்ணே?" என்றார். நான் ஒன்றுமே பண்ணவில்லை. என் ஹூக்கைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருவேளை அதுதான் காரணமோ என்னவோ.

மறுநாள் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருந்தேன். புது டயட்டா என்று கேட்டார். போனை உள்ளே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். வழக்கம் போல ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழப் போனார். "கைய எடுக்காதீங்க" என்றேன். என்னமோ ஏதோ என்று பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டவர், "இந்த பீர்க்கங்கா கூட்டு நல்லா இருக்கே, புதுசா கத்துக்கினியா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அதே கூட்டைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

வாட்ஸப் குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். விலகுவதற்கு முந்தின வாரம் அதில்தான், நிதானமாகக் கவனித்துச் சாப்பிடுவதற்கும் வகுப்பு எடுக்கிறார்கள் என்று ஒரு விளம்பரம் வந்தது. எடை குறைந்ததா என்று கேட்டால், கொஞ்சம் குறைந்தது, அப்புறம் நின்றுவிட்டது. எடை மெஷினில் பேட்டரி தீர்ந்தது, மாற்றவில்லை. முறுக்கு டப்பா இப்போதும் இருக்கிறது. வேண்டும் என்றால் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, உட்கார்ந்து தின்கிறேன். உட்கார்ந்து தின்றால் ஒன்று போதுமாக இருக்கிறது. அந்த ஜாக்கெட்டைப் பிரித்து விட உள்ளே துணி இல்லாததால் தலையணைக்குள் பஞ்சோடு அடைத்துவிட்டேன். இப்போது எனக்கும் மற்றவர்களுக்குத் தைப்பது போல, உள்ளே துணி விட்டுத்தான் தைத்துக்கொள்கிறேன்.

கல்யாணம் முடிந்த வாரமே கடைக்காரப் பெண் போன் பண்ணினாள். "அந்தத் தையக்காரப் பொண்ணு வருமான்னு சாச்சி கேக்கறாங்கக்கா." அதன்பிறகு என்னால் முடிந்த வெள்ளிக்கிழமையெல்லாம் மதியம் மந்தாரக்குப்பம் போனேன். அவர்கள் வீட்டில் பெரிய தட்டு ஒன்றில் சோறு போட்டு வைப்பார்கள். அவர் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். அவர் சாப்பிடுகிறாரா என்று நான் பார்ப்பதில்லை. நான் என்ன அளவு என்று அவர் பார்ப்பதில்லை. ரசம் இன்னும் கொஞ்சம் கொதித்திருக்கலாம் என்று பேசிக்கொள்வோம். அவர் முகத்தில் மெல்ல மெல்லச் சதை பிடித்தது. ஒரு நாள் பேசிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், ஒரு மீன் துண்டை என் பக்கம் தள்ளினார். அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என்னால் போக முடியவில்லை. பஸ் இல்லை, ரோடெல்லாம் தண்ணீர். நான் வராவிட்டால் தட்டை ஒதுக்கிவிடுவாரே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சாயங்காலம் கடைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"சாப்ட்டாங்கக்கா" என்றாள். "தனியாத்தான் உக்காந்தாங்க. அவங்க பக்கம் முடிஞ்சதும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துக்கினு இருந்தாங்க. எழுந்துடுவாங்கன்னு நெனச்சோம். எழலைங்கக்கா. தட்டைத் திருப்பி வெச்சிக்கினு அதையும் சாப்ட்டாங்க."

இன்றைக்கும் என் தட்டிலிருந்து கையை எடுப்பதற்கு முன்னால் எதிர்ப்பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், யாராவது இருந்தால் அவர்களுக்காகவும், யாரும் இல்லாத மதியங்களில் அந்தத் தட்டைத் திருப்பிய கைக்காகவும்.